நான்காவது மாடி ஒற்றை அறை

தம்பியின் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரையும் மாமியாரையும் கூட்டிவந்து தங்களோடு வைத்துக்கொள்வது என்று தம்பியும் அவன் மனைவியும் முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். ஒன்று தம்பிக்கும் மனைவிக்கும், மற்றதில் அக்காவான அவளும் தம்பியின் மகளும்.

சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்தது. "நான் வேணா தனியா ஒரு ரூம் பாத்துக்கறேன்டா" என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் எதுக்குக்கா என்று ஒரு பேச்சுக்காவது யாராவது சொல்வார்கள் என்று நினைத்தாள். தம்பி தண்ணீர் குடித்தான். அவன் மனைவி, "வேலைக்குப் பக்கமா பாருங்க அண்ணி, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்துபோயிற்று.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். அங்கே எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, தோளை முன்னால் தள்ளி, "மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போவாள். ஒரு நாளைக்கு எழுபது பேர். ஊரில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டைப் பார்த்தவள், தனக்கென்று ஒரு அறை தேடி இறங்கியபோது யாரிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியாமல் விழித்தாள்.

வேலையிடத்தில் யாரோ ஒரு புரோக்கரின் நம்பர் கொடுத்தார்கள். இடுப்பில் பெரிய சாவி வளையம் தொங்க, ஸ்கூட்டரில் வருகிற மனிதர். அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். வேலை முடிந்த பிறகு மாலை நேரங்களில் அவர் அவளை வீடு வீடாக அழைத்துப் போனார்.

முதலில் பார்த்தது, பால்கனியைத் தகரம் வைத்து அடைத்து அறை என்று பெயர் வைத்த இடம். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடித்தது. அடுத்ததில் கழிப்பறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை மட்டும் தொங்கியது. "எல்லாமே கைக்கெட்டற தூரம்மா" என்றார் சாவிக்கொத்து. சொல்லிவிட்டு அவரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்றாவது அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கார அம்மாள் அவளை வாசலிலேயே நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணம்?"

"ஆகலைங்க."

"ஏன்?"

"அமையலை."

"யார் வருவாங்க, போவாங்க?"

"தம்பி வருவான்."

"கூடப்பிறந்த தம்பியா?"

அவள் படியிறங்கிவிட்டாள். இன்னொரு இடத்தில் வயதைக் கேட்டதும், "தனியாளா? நாளைக்கே நீங்க விழுந்து கெடந்தா நாங்கதானே தூக்கணும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"சின்னப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தா, லேட்டா வருவாங்கன்னு வேணாங்கறாங்க" என்றார் சாவிக்கொத்து, ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டே. "உங்க வயசுன்னா, செத்துருவாங்கன்னு வேணாங்கறாங்க. நடுவுல ஒரு இருபது வருஷம்தான் மனுஷனுக்கு வீடு கெடைக்கும்போல."

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்றாம் தேதி தம்பியின் மாமனாரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவளுடைய கட்டில் அவருக்குப் போயிற்று. அவள் கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் இடையே பாய் விரித்துக்கொண்டாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் தம்பி மகள் அத்தையைத் தாண்டித்தான் ஷூ எடுக்கவேண்டும். "அத்தை, கால் கொஞ்சம்" என்று அவள் பவ்யமாகச் சொல்லும்போதெல்லாம் இவளுக்கு மனசு சுருங்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நான்காவது மாடி அறை வந்தது. கீழே மருந்துக்கடை, மேலே நான்கு மாடி, ஒரு பழைய லிஃப்ட். மருந்துக்கடைக்காரர்தான் கட்டிடத்தின் சொந்தக்காரர். அவரும் வயதைக் கேட்டார். அவள் வேலையைப் பற்றிச் சொன்னதும், "நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் உங்க இடத்துல படம் எடுத்தவங்கதான்" என்று சாவியை எடுக்கப் போனார். பிறகு, "ஆள் உள்ளதான் இருக்கார், மாசக் கடைசியில காலி பண்றார்" என்றார்.

கதவைத் திறந்தவர் எழுபது தாண்டியவர். ஒல்லியாக, சட்டை மேல்பட்டன் வரை போட்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சாவிக்கொத்து சொல்லியிருந்தார். கட்டிடத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். பத்தொன்பது வருடமாக அதே அறை. சுவரோரம் இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டி வைத்த படுக்கை. மற்றபடி அறை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மூலையில் சமையல் மேடை, எதிர்மூலையில் குளியலறைக் கதவு, கிழக்கே அகலமான ஜன்னல். உள்ளே கால் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதை விடக்கூடாதென்று.

"வாங்கம்மா, நல்லா பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். அவரே குழாயைத் திறந்து காட்டினார். "இது ரெண்டு தடவை திருகினாத்தான் நிக்கும். ஒரு தடவையோட விட்டீங்கன்னா சொட்டும். இந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும், ஈரக்கையோட தொடாதீங்க. லிஃப்ட் மூணாவது மாடி தாண்டினதும் ஒரு குலுக்கு குலுக்கும். பயந்துக்காதீங்க, பிரேக் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னார். "போன மாசம் அடுப்பை மூடாம வெளிய போயிட்டார். தனி ஆள், வயசாயிடுச்சு. ஒருநாள் கதவை ஒடைச்சுத் தூக்கற மாதிரி ஆயிடும்மா. எனக்கு அந்த வேதனை வேணாம்."

லிஃப்ட்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் சங்கடத்தோடு கேட்டாள்.

"நீங்க எங்க போறீங்க ஐயா?"

"மக வீட்டுக்கு" என்றார். "ரொம்ப நாளாக் கூப்பிட்டுட்டே இருக்கா."

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மகள் எந்த ஊரில் இருக்கிறாள், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது தற்செயல் அல்ல என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

மாதம் பிறந்ததும் குடிவந்தாள். தம்பி ஒரு வண்டி பிடித்துச் சாமான்களை ஏற்றிவிட்டான், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூட வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் தாண்டிப் போகாத தன் காலை நீட்டி வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் டீ குடித்தாள். அந்த மூன்று வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அது உண்மை.

மூன்றாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணிக்குப் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. லிஃப்ட்காரர், கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றார். அவளைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பழக்கதோஷம். கால் தானா வந்துடுச்சு."

அவளுக்கும் படபடப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து குடித்தார். சட்டை அதேதான், மேல்பட்டன் வரை போட்டிருந்தார். காலர் மட்டும் கறுத்திருந்தது.

"மக வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அங்க தண்ணிதான் கொஞ்சம் கஷ்டம்." சிறிது நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்கலைன்னா, பாத்ரூமை ஒருதடவை..."

"போங்க, அதுக்கென்ன."

வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் குழாயைத் தொட்டுப் பார்த்து, "வாஷர் மாத்திட்டீங்களா, நல்லது" என்றார். கதவருகே நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சாவியைக் கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. காலை ஏழு மணிக்குக் குளித்த ஈரம் மாலை ஆறு மணிவரை இருக்காது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கட்டில் விரிப்பின் ஓரங்கள் மெத்தைக்கடியில் இறுக்கமாகச் செருகியிருந்தன. அவள் ஒருநாளும் அப்படிச் செருகியதில்லை. சாமான்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எதையும் எடுக்கவில்லை. ஒரு நாள் சமையல் மேடையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. அவள் வாங்கியவை அல்ல.

அந்தப் பழங்களைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தான் இல்லாத நேரத்தில் ஒரு ஆண் வந்து குளித்து, தன் படுக்கையில் படுத்து எழுந்து போகிறார். எவ்வளவு சாதுவாக இருந்தால்தான் என்ன? கீழே போய் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"வேணாங்க. பாவம். மக வீட்ல என்ன கஷ்டமோ."

"மகளா?" என்றார் அவர். "யாரு சொன்னா? அவருக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

மருந்துக்கடைக்காரர் சீட்டு ஒன்றை மடித்து மடித்து விரித்தார். "போக இடமில்லைன்னு எனக்கும் தெரியும்னு வைங்க. எங்கயோ ஏற்பாடு பண்ணிருப்பார்னு விட்டுட்டேன். பூட்டை மாத்திடுங்க. ஆள் நானே அனுப்பறேன்."

மறுநாள் பூட்டை மாற்றினார்கள். அடுத்த நாள் அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அவரை நேரில் பார்த்து நாலு வார்த்தை சொல்லவேண்டும், எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது வரை யோசிக்கவில்லை.

பதினோரு மணிக்குச் சாவி சத்தம் கேட்டது. நுழையவில்லை. வெளியே எடுத்தார். துணியில் துடைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி செருகினார், மெதுவாக, இரும்பைப் பழகிய கையின் பொறுமையோடு. பலவந்தம் எதுவும் இல்லை. மூன்றாவது தடவை பாதியில் நின்றது.

அவள் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் உள்ளே வா என்று சொல்லவேண்டும், இல்லை போ என்று சொல்லவேண்டும். இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை. வேலையில் ஆயிரம் தடவை மற்றவர்களைச் செய்யச் சொன்னதைச் செய்தாள். மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வெளியே செருப்புச் சத்தம் நகர்ந்தது. லிஃப்ட் பக்கம் போகவில்லை என்பதை அவள் கவனித்தாள். படியேறும் சத்தம் போல இருந்தது. மேலே மொட்டை மாடி மட்டும்தானே என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க மனம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து, காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, துணி காயப்போடப் போன இரண்டாவது மாடி அம்மாள் மேலேயிருந்து ஓடிவந்து கதவைத் தட்டினாள். "எக்ஸ்ரே அக்கா, மேல வாங்க. லிஃப்ட்காரர் விழுந்து கெடக்கார்."

மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை. அதற்கு ஏற ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. ஏணிக்கடியில் அவர் மல்லாந்து கிடந்தார். வலது கால் இடதைவிடக் கட்டையாகி, பாதம் முழுக்க வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. படம் எடுக்காமலே அவளுக்குத் தெரிந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது. அதற்குள் இரண்டு பேர் அவரைத் தூக்கக் குனிந்தார்கள்.

"காலைத் தொடாதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்" என்றாள்.

அவர் முகத்துக்கு நிழல் படும்படி உட்கார்ந்துகொண்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது இரண்டாவது மாடி அம்மாள் ஏணியில் ஏறி மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து "நீங்களே பாருங்க" என்று மேலே கையைக் காட்டினாள்.

அவள் ஏறிப் பார்த்தாள். மோட்டார் பக்கத்தில் கிரீஸ் வாடைக்கு நடுவே சுருட்டி வைத்த படுக்கை. செய்தித்தாள் மேல் ஜோடியாக வைத்த ஷூ. டிரங்குப் பெட்டி. அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் சீப்பும் கண்ணாடியும். யாரோ நாலாவது மாடியில் லிஃப்டை அழைத்திருக்கவேண்டும். மோட்டார் உறுமிக் கிளம்பியது, தரை அதிர்ந்தது, கண்ணாடி நகர்ந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக அவர் அவளுடைய கூரைக்கு மேலேதான் படுத்திருந்திருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை நீட்டி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீடு."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"தெரியலை."

ஆபரேஷனுக்கு அவரே கையெழுத்துப் போட்டார். முந்தின நாள் மாலை அவள் போனபோது கொஞ்சம் தெளிவாகப் பேசினார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு சரியாப் போடலை. ஒரு பக்கமா இழுக்குது பாருங்க" என்றார். பிறகு, "டிஸ்சார்ஜ் ஆகி எந்த அட்ரஸுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. அடையாள அட்டையில இருக்கறதைத்தான் சொன்னேன். நம்ம ரூம் அட்ரஸ். மாத்தணும்."

"மெதுவா மாத்திக்கலாம்" என்றாள் அவள். அந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"பூட்டு மாத்தினது சரிதாம்மா. நான் பண்ணினது தப்பு. ஒத்தப் பொம்பளைக்குப் பயமா இருக்கும்ல."

"நான் அன்னிக்கு..."

"தெரியும். கதவுக்கடியில நிழல் தெரிஞ்சுது." கோபமில்லாமல்தான் சொன்னார். "தட்டியிருந்தா தெறந்திருப்பீங்க. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். அதான் தட்டலை."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று மணியடித்தார்கள். நல்லவேளை என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை. படுத்தபடி இருந்ததில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அவருடைய நெஞ்சுப் படத்தை வார்டில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. டாக்டர் சொல்லும்வரை அவள் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. பதினோராவது நாள், அவள் ஒருவரை நிற்கவைத்துத் தோளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் கொடுத்திருந்த ஒரே நம்பர் அவளுடையதுதான். அவளிடம் கேட்காமலே கொடுத்திருந்தார்.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் அலுவலகப் பையோடு வந்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் வரிசையில் நின்று காகித வேலைகளை முடித்தான். எதிர்பாராமல் மருந்துக்கடைக்காரரும் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வந்தார். சாவிக்கொத்து வந்து பின்வரிசையில் நின்றார். எரியூட்டும் கூடத்தில் மொத்தம் நான்கு பேர். கதவு மூடியதும் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டார். "பத்தொன்பது வருஷம். ஒரு மாசம்கூட வாடகை தள்ளினதில்ல" என்றார். பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே கடை திறக்கப் போனார்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான். "ரூம் எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடா. வெளிச்சம் வரும்."

"ஒருநாள் வரேன்" என்றான்.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுசாக எழுதவேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். வேலைக்குப் போகும் வழியில் கடைக்குள் போனாள். சாவிக்கொத்து காகிதத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பழைய வரிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். குடியிருப்பவருக்கு அறுபது வயது முடிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பொறுப்பேற்கும் உறவினர் ஒருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பரிசீலிக்கப்படும்.

"உங்களுக்காகப் போட்டதில்லம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும்தான். எனக்கும் வயசாகுது. இன்னொரு தடவை அப்படிப் பாக்கற தைரியம் எனக்கில்ல."

"இன்னும் எட்டு வருஷம் இருக்கேக்கா" என்றார் சாவிக்கொத்து. ஆறுதலாகத்தான் சொன்னார்.

உறவினர் பெயர் என்று போட்டுக் கோடு இழுத்திருந்த இடத்தில் அவள் பேனாவை வைத்தாள். தம்பி பெயரை எழுதலாமா என்று யோசித்தாள். அவனைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. கேட்டால் அவன் தண்ணீர் குடிப்பான் என்றும் தோன்றியது.

"அது இப்ப காலியா இருக்கட்டும். அப்ப பாத்துக்கலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அதற்குக் கீழே, சாவிக்கொத்து விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இருமிக்கொண்டே ஒருவர் கடைக்குள் வந்து சீட்டை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். அவள் தன் பிரதியை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.